ஈர வலுத் தாள் கரைய மறுக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

கிச்சன் டவல், டீ பேக் தாள், பாட்டில் லேபிள், ஆறு பாட்டில்களைச் சேர்த்துத் தூக்கும் பழுப்பு அட்டை. இவை எல்லாமே நனைந்தாலும் கிழியக்கூடாது என்று செய்யப்படுபவை. சாதாரணத் தாள் முழுக்க நனைந்துவிட்டால், உலர்ந்திருந்தபோது இருந்த வலுவில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. 15 சதவீதத்துக்கு மேல் மிஞ்சினால் அதை ஈர வலுத் தாள் என்று கணக்கில் எடுப்பது ஆலை வழக்கம். அந்த வலுவைக் கொடுப்பது தயாரிப்பின்போது சேர்த்த ரெசின். அதே ரெசின்தான் தாள் மறுசுழற்சிக்கு வரும்போது, தாளைத் தண்ணீரில் அடித்துக் கூழாக்கும் ஹைட்ரா பல்ப்பரில் மல்லுக்கு நிற்கிறது.

இந்தத் தாள்களில் இருக்கும் நார் உயர்ந்த ரகம். பழுப்பு அட்டையில் வெளுக்காத நீள நார், டீ பேக்கில் அபாக்கா வாழை நார், நல்ல லேபிளில் வெளுத்த ஊசியிலை மர நார். "கரையாது" என்று சொல்லி இதைக் கொதிகலனுக்கோ குப்பை மேட்டுக்கோ அனுப்ப மனசு வரக்கூடாது. பலர் செய்வது போலக் கண்ணை மூடிக்கொண்டு ஹைப்போ குளோரைட்டை ஊற்றுவதும் சரியான வழியில்லை. ரெசினோடும் நாரோடும் குளோரின் வினைபுரிந்து கரிமக் குளோரின் சேர்மங்களாகக் கழிவுநீரில் இறங்குகிறது. ஆய்வறிக்கையில் ஏ.ஓ.எக்ஸ். என்று வரும் எண் அதுதான். பழுப்புக் கூழில் ஹைப்போ அதைவிட வீண். வெளுக்காத நாரில் இருக்கும் லிக்னின் என்ற பசைப்பொருள் அதைக் குடித்துவிடும், ரெசினுக்கு ஒன்றும் மிஞ்சாது.

கீழே உள்ளவை குளோரின் இல்லாமல், கூடியவரை குறைந்த மருந்தில் வேலையை முடிக்கும் முறைகள். மருந்தின் அளவைக் கூட்டும் முன் வெப்பம், நேரம், கூழின் அடர்த்தி மூன்றையும் பாருங்கள். பெரும்பாலான கோளாறுகள் அங்கேயே பிடிபடும்.

## முதலில்: எந்த ரெசின்?

இது தெரியாமல் தொடங்கினால் பேட்ச் முழுவதும் குருட்டாம்போக்குதான். மூன்று கண்ணாடி ஜாடிகள் போதும். ஒவ்வொன்றிலும் 500 மில்லி தண்ணீர், 2 சென்டிமீட்டர் சதுரங்களாக நறுக்கிய 10 கிராம் தாள். முதல் ஜாடி வெறும் தண்ணீர். இரண்டாவதில் பி.எச். 4-க்குக் கீழே இறங்கும் வரை படிகாரம். மூன்றாவதில் பி.எச். 12 வரும் வரை காஸ்டிக் சோடா. மூன்றையும் 75 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் 30 நிமிடம் நிறுத்தி, கொஞ்சம் ஆறவிட்டு, மூடியைத் திறந்து காற்றை வெளியேற்றி, மறுபடி மூடி 50 தரம் குலுக்குங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வெள்ளி மினுமினுப்புள்ள லேபிள் என்றால் காஸ்டிக் ஜாடியை மூடவே கூடாது, குச்சியால் கலக்குங்கள். காரணம் பின்னால் வருகிறது.

வெறும் தண்ணீர் ஜாடியே கூழாகிவிட்டால் அது தற்காலிக ஈர வலு, கிளையாக்ஸால் சேர்த்த வகை. அதற்கு மருந்தே வேண்டாம், வெந்நீரும் பொறுமையும் போதும். படிகார ஜாடி மட்டும் உடைந்தால் யூரியா ஃபார்மால்டிஹைடு அல்லது மெலமைன் ஃபார்மால்டிஹைடு. காஸ்டிக் ஜாடியில் துண்டுகளின் ஓரம் பஞ்சு போல் பிரிந்து, மற்ற இரண்டிலும் அப்படியே இருந்தால் பாலிஅமைடு எபிகுளோரோஹைட்ரின், சுருக்கமாகப் பி.ஏ.இ. இன்று கைக்கு வருவதில் பெரும்பங்கு இதுதான். எந்த ஜாடியிலும் அசையாமல், விரலால் தேய்த்தால் மெல்லிய தோல் உரிந்து வந்தால் அது பிளாஸ்டிக் பூச்சு. அதற்கு மருந்து போட்டுப் பயனில்லை.

## அடிப்படை அளவு: 1 டன் உலர்ந்த பி.ஏ.இ. தாளுக்கு

5 சதவீதக் கன்சிஸ்டென்சியில் (கூழின் எடையில் உலர்ந்த தாளின் பங்கு) ஓட்டினால் 1 டன் தாளுக்கு 19 கன மீட்டர் தண்ணீர் வேண்டும். 15 சதவீதத்தில் 5.7 கன மீட்டர் போதும். 30 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடேற்ற, நேரடி நீராவியாகக் கணக்கிட்டால், முதலாவதற்குச் சுமார் 1,150 கிலோ நீராவி, இரண்டாவதற்குச் சுமார் 360 கிலோ. காஸ்டிக்கும் அப்படியே. நாரும் அழுக்கும் குடிப்பதை விட்டுவிட்டு, தண்ணீரை மட்டும் பி.எச். 12-க்கு ஏற்ற 7.6 கிலோவுக்குப் பதில் 2.3 கிலோ. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று வேறு எதைச் செய்தாலும் இவ்வளவு மிச்சம் கிடைக்காது. திருகு வடிவ ரோட்டர் உள்ள அதிக அடர்த்திப் பல்ப்பர் இருந்தால் 12 முதல் 18 சதவீதத்தில் ஓட்டுங்கள். துண்டோடு துண்டு உரசித்தான் அங்கே தாள் பிரிகிறது. கத்தி வெட்டுவதால் இல்லை, அதனால் நாரின் நீளமும் காப்பாற்றப்படுகிறது.

சேர்க்கும் வரிசை முக்கியம்:

1. முந்தைய பேட்ச்சின் சூடான பேக் வாட்டர் (கூழிலிருந்து பிழிந்து வந்த தண்ணீர்), தேவையான அளவு. 65 டிகிரி வரும் வரை நீராவி.
2. தாள். முழு ரீலைத் தள்ளாமல் கில்லட்டினில் பிளந்து போடுங்கள்.
3. காஸ்டிக் 10 முதல் 20 கிலோ, கரைசலாக. ஆறவைத்த மாதிரியில் பி.எச். 11 முதல் 11.5.
4. 10 நிமிடம் ஓடவிட்டு, ரெசினை உடைக்கும் சோடியம் பெர்சல்ஃபேட் 10 முதல் 15 கிலோ, 100 லிட்டர் குளிர்ந்த நீரில் கரைத்து.
5. 30 முதல் 45 நிமிடம்.

பொட்டாசியம் பெர்சல்ஃபேட் விலை குறைவாகக் கிடைத்தது என்று வாங்கியவர்கள் கவனிக்க வேண்டும். அது 100 லிட்டர் குளிர்ந்த நீரில் சுமார் 5 கிலோதான் கரையும். மிச்சம் டிரம்மின் அடியில் மணலாகக் கிடக்கும், பேட்ச்சுக்குப் போயிருக்காது. எந்தப் பெர்சல்ஃபேட்டாக இருந்தாலும் கரைசலை அந்த ஷிஃப்டிலேயே தீர்த்துவிடுங்கள். பொடியை ஈரம், காகிதத் தூசி, எண்ணெய்த் துணி எதுவும் அண்டாத இடத்தில் வையுங்கள். அதன் தூசி மூச்சுக்குழாயைப் பாதிக்கும், ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்கு அடுத்தடுத்த முறைகளில் கடுமையாகும். முகக்கவசம் இல்லாமல் மூட்டையைப் பிரிக்கவே கூடாது.

பி.ஏ.இ. குறைவாக உள்ள மெல்லிய டிஷ்யூவுக்கு 4-ஆவது படி தேவைப்படாமலே போகலாம். காஸ்டிக்கும் வெப்பமும் மட்டும் போட்டு ஒரு பேட்ச் ஓட்டிப் பார்க்காமல் பெர்சல்ஃபேட் வாங்காதீர்கள்.

## அறிகுறி 1: 20 நிமிடம் ஆகியும் தாள் முழுசாக மிதக்கிறது

ரெசினைக் குறை சொல்லும் முன், தண்ணீர் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். மிதக்கும் ஒரு துண்டை எடுத்துக் கிழித்து, கிழிந்த விளிம்பை உற்றுப் பாருங்கள். வெளிப்பக்கம் இரண்டும் கருத்து ஈரமாகவும் நடுவில் வெளிறிய கோடாகவும் தெரிந்தால் உள்ளே காய்ந்தே இருக்கிறது. ஏ.கே.டி. சைசிங் (தண்ணீர் ஏறாமல் தடுக்கும் மருந்து) போட்ட அட்டையில் இது சகஜம். நாரில் தண்ணீர் ஏறாதவரை காஸ்டிக்கோ பெர்சல்ஃபேட்டோ ரெசினைத் தொடவே முடியாது.

மின்னேற்றமில்லாத நனைப்பான் 0.05 முதல் 0.1 சதவீதம், அதாவது டன்னுக்கு அரை முதல் ஒரு கிலோ போடுங்கள். இடம் இருந்தால் இதைவிட நல்ல வழி ஊறல் தொட்டி. பல்ப்பரிலிருந்து வரும் சூடான காரத் தண்ணீரில், மூடிய தொட்டியில், தாளை 4 முதல் 8 மணி நேரம் ஊறவிட்டால் பல்ப்பர் ஓடும் நேரம் கணிசமாகக் குறையும். இட்லி அரிசியை ஊறப்போடாமல் யாரும் கிரைண்டரில் போடுவதில்லை.

வெளிறிய கோடு இல்லை, முழுக்க நனைந்தும் தோல் மாதிரி இழுபடுகிறது என்றால் வெப்பமானியைச் சோதியுங்கள். பல்ப்பர் சுவரில் செருகிய உணரி நீராவிக் குழாயின் பக்கத்தில் இருந்தால் 65 என்று காட்டும், நடுவில் 48 இருக்கும். வாளியில் மாதிரி எடுத்துக் கைவெப்பமானியால் பாருங்கள். 50 டிகிரிக்குக் கீழே பெர்சல்ஃபேட் தூங்கும். வெப்பம்தான் அதை உடைத்து வேலைக்கு எழுப்புகிறது.

## அறிகுறி 2: பி.எச். நிற்கவில்லை, இறங்கிக்கொண்டே போகிறது

இதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்து குழப்பும்.

முதலாவது, உண்மையான இறக்கம். பெர்சல்ஃபேட் சிதையும்போது அமிலம் உண்டாகிறது. ஒரு கிலோ சோடியம் பெர்சல்ஃபேட் முழுக்கச் சிதைந்தால் அதை ஈடுகட்ட 0.34 கிலோ காஸ்டிக் வேண்டும். 15 கிலோ போட்டால் 5 கிலோ. ஆரம்பத்தில் பி.எச். 11 வைத்து, இந்த 5 கிலோவைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், பாதி வழியில் 9-க்கு வந்து வேலை நின்றுவிடும். பெர்சல்ஃபேட் போட்ட 15-ஆவது நிமிடத்தில் ஒருமுறை அளந்து, குறைந்ததை மட்டும் ஈடு செய்யுங்கள். முன்கூட்டியே மொத்தத்தையும் கொட்டினால் வெளுத்த நார் மஞ்சளடிக்கும்.

இரண்டாவது, அளவீட்டு மாயை. 25 டிகிரியில் பி.எச். 12 காட்டும் காஸ்டிக் கரைசல், 60 டிகிரியில் 11-தான் காட்டும். மீட்டர் பழுதில்லை, வெப்ப ஈடு வசதி இருந்தாலும் இப்படித்தான். தண்ணீரின் அயனியாக்கமே வெப்பத்தோடு மாறுகிறது. இது தெரியாமல் சூடான மாதிரியில் அளந்து, "இன்னும் 11 தானே இருக்கு" என்று மறுபடி காஸ்டிக் ஏற்றுவது பல இடங்களில் நடக்கிறது. மாதிரியை மூடிய டப்பாவில் குளிர்ந்த நீரில் வைத்து 30 டிகிரிக்குக் கொண்டுவந்து அளங்கள். இந்த ஒரு பழக்கத்தால் காஸ்டிக் செலவு இறங்கும், கழிவுநீரை நடுநிலையாக்கப் போடும் அமிலமும் கூடவே இறங்கும்.

## அறிகுறி 3: சீக்கிரம் உடைந்தது, ஆனால் செதில்கள் போகவே இல்லை

எல்லாருக்கும் வருவது இது. 25 நிமிடத்தில் பார்த்தால் கூழ் போல் இருக்கிறது. நீலக் கண்ணாடித் தட்டில் கொஞ்சம் கூழை நீர்த்து ஊற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நார்களுக்கு நடுவே நகக்கண் அளவில் வெள்ளைச் செதில்கள் அசையாமல் நிற்கும். விரலால் அழுத்தினால் வழுக்கும், பிரியாது. இன்னும் 30 நிமிடம் ஓட்டினாலும் அதே அளவில் அதே செதில்கள்.

அளந்து பார்ப்பது எளிது. உலர் எடையில் 25 கிராம் வரும் கூழை 0.15 மில்லிமீட்டர் பிளவுள்ள சல்லடைத் தட்டில் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் அலசி, தங்கியதைக் காயவைத்து எடை போடுங்கள். 1 கிராம் தங்கினால் 4 சதவீதச் செதில். 10 நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு மாதிரிகளில் இந்த எண் மாறவில்லை என்றால் பல்ப்பரை நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் ஓடுவது மின்சாரத்தைத் தண்ணீரில் கரைப்பதுதான்.

ஏன் இந்தச் செதில்? பெரும்பாலும் தாளின் வயது. பி.ஏ.இ. ரெசின் இயந்திரத்தின் உலர்த்தும் உருளைகளில் முழுதாக முதிர்வதில்லை. ரீலில் சுற்றிக் கிடங்கில் கிடக்கும்போதும் ஏறத்தாழ இரண்டு வாரம் வரை வலு ஏறிக்கொண்டே போகிறது. சூடாகச் சுற்றிய ரீலின் உட்பகுதி மெதுவாகத்தான் ஆறும், ஆகவே அங்கே முதிர்ச்சி இன்னும் வேகம். நேற்று ஓடிய புரோக்கும் (ஆலையிலேயே விழும் கழிவுத் தாள்) மூன்று வாரம் கிடந்த புரோக்கும் பார்வைக்கு ஒன்றே, பல்ப்பருக்கு ஒன்றல்ல. இரண்டையும் கலந்து போட்டால் புதியது 20 நிமிடத்தில் கூழாகி, பழையது கரைவதற்காக மேலும் 40 நிமிடம் சும்மா அடிபட்டு நாசமாகும். பழையதோ அப்போதும் செதிலாக நிற்கும்.

ஆக, சொந்த ஆலைப் புரோக் என்றால் அந்த ஷிஃப்டிலேயே பல்ப்பருக்கு அனுப்புங்கள். முடியாவிட்டால் பேலில் தேதி எழுதிய அட்டை கட்டுங்கள். 2 நாளுக்குள், 2 வாரத்துக்குள், அதற்கு மேல் என்று மூன்று வரிசையாக அடுக்குங்கள். முதல் வரிசைக்கு மருந்து பெரும்பாலும் வேண்டாம். மருந்தில்லாத மறுசுழற்சிக்கு இதைவிட மலிவான வழி கிடையாது, சுண்ணாம்புக் கட்டியும் அட்டையும்தான் செலவு.

ஏற்கெனவே செதில் நிற்கும் பேட்ச்சுக்கு இரண்டு வழிகள் உண்டு. 5 சதவீதத்துக்குள் என்றால் செதிலைப் பிரிக்கும் டிஃப்ளேக்கர் வழியே 4 சதவீதக் கன்சிஸ்டென்சியில் ஒருமுறை அனுப்புங்கள். இடைவெளி அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை. ரிஃபைனரில் இறுக்கிப் பிடித்துச் செதிலை அரைக்கப் பார்க்காதீர்கள், செதில் போகும்போது நல்ல நாரும் சேர்ந்து வெட்டுப்படும். 5 சதவீதத்துக்கு மேல் என்றால் ஸ்கிரீன் ரிஜெக்ட்டை (சல்லடை ஒதுக்கியதை) தனியே சேர்த்து, 70 டிகிரியில், பெர்சல்ஃபேட்டைச் செதிலின் எடைக்கு 3 சதவீதம் என்று வைத்து, தனி பேட்ச்சாக ஓட்டுங்கள். 1 டன்னில் 100 கிலோ செதில் என்றால் 3 கிலோ மருந்து. மொத்த டன்னுக்கும் மருந்தை இரட்டிப்பாக்குவதை விட எவ்வளவோ மேல்.

மூன்றாவது யோசனை ஒன்று உண்டு, அதை ஆலைகள் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. எல்லாக் கூழும் செதிலில்லாமல் இருக்க வேண்டுமா? முட்டை ட்ரேயும் மில் போர்டும் செதிலைத் தாங்கும். முதிர்ந்துபோன பழைய பேலை அங்கே அனுப்பிவிட்டு, புதியதை மட்டும் டிஷ்யூவுக்கு வைத்துக்கொள்வது மருந்து, நீராவி, கழிவுநீர் மூன்றையும் ஒரே முடிவில் குறைக்கும்.

## அறிகுறி 4: காஸ்டிக் போட்டும் ஒன்றுமே நடக்கவில்லை

மூன்று ஜாடிச் சோதனையைச் செய்யாமலே தாண்டி வந்துவிட்டீர்கள். யூரியா அல்லது மெலமைன் ரெசின் என்றால் காரம் உதவாது, அமிலம்தான் அதைப் பிரிக்கும். படிகாரத்தால் பி.எச். 3.5 முதல் 4 வரை, 65 முதல் 80 டிகிரி, 30 நிமிடம். மெலமைன் வகை இதைவிட நேரம் கேட்கும். கண் எரிந்தால் அது ஃபார்மால்டிஹைடு ஆவி. பல்ப்பருக்கு மேல் உறிஞ்சுவிசிறி ஓடாமல் இந்த பேட்ச்சைத் தொடங்கவே வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முந்தைய பேட்ச்சில் ஹைப்போ பயன்படுத்தியிருந்து, அந்தப் பேக் வாட்டரில் படிகாரமோ அமிலமோ போட்டால் குளோரின் வாயு கிளம்பும். உயிருக்கு ஆபத்து. அமில பேட்ச்சுக்கு எப்போதும் புதுத் தண்ணீர்.

## அறிகுறி 5: லேபிள் கழிவில் குமிழ் குமிழாக வாயு வருகிறது

உடனே காஸ்டிக்கையும் நீராவியையும் நிறுத்துங்கள், பக்கத்தில் வெல்டிங் நடந்தால் அதையும் நிறுத்துங்கள், கதவு ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். அலுமினியம் காரத்தில் கரைந்து ஹைட்ரஜன் வருகிறது. ஒரு கிலோ அலுமினியம் ஒன்றேகால் கன மீட்டருக்கு மேல் ஹைட்ரஜன் தரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும்.

ஆவியாகப் படியவைத்த மெல்லிய உலோகப் பூச்சில் அலுமினியம் சொற்பம். நல்ல காற்றோட்டத்தில் சமாளிக்கலாம். ஃபாயில் ஒட்டிய லேபிளில் ஒரு சதுர மீட்டருக்கு 20 கிராம் வரைகூட அலுமினியம் இருக்கும், அதைக் காரப் பல்ப்பருக்குள் விடவே கூடாது. வித்தியாசம் பார்க்க லேபிளை மடித்துப் பிடியுங்கள். ஃபாயில் மடிந்தபடியே நிற்கும், பூச்சு தாளோடு நிமிரும். ஈர வலுத் தாளில் ஐயம் இருந்தால் ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள், ஃபாயில் தகடாக மிஞ்சும்.

பாட்டில் கழுவும் இயந்திரத்திலிருந்து வரும் லேபிள் கழிவில் இன்னொரு விஷயம்: அது ஏற்கெனவே சூடான காஸ்டிக்கில் ஊறியது. அதைக் காயவிடாமல் ஈரத்தோடு வாங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதன் காரத்தையும் உங்கள் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 6: கூழ் அருமை, ஆனால் புதுத் தாளில் சாயம் வெளிறுகிறது, ஈர வலு ஏறவில்லை

பெர்சல்ஃபேட் மிச்சம் இருக்கிறது. 65 டிகிரியில் முக்கால் மணி நேரத்தில் அது முழுக்கத் தீர்ந்துவிடாது, கணிசமான பங்கு கூழோடு இயந்திரத்துக்குப் போகிறது. அங்கே சாயத்தைத் தின்னும், புதிதாகப் போடும் பி.ஏ.இ.யைத் தின்னும், நைலான் ஃபெல்ட்டையும் விடாது.

கண்டுபிடிக்கும்போது பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஸ்டார்ச் அயோடைடு தாளில் ஒரு சொட்டு வைத்து, நிறம் வரவில்லை என்றதும் "சுத்தம்" என்று விட்டுவிடுகிறார்கள். ஹைப்போவுக்கு அந்தத் தாள் சட்டென நீலமாகும். பெர்சல்ஃபேட் அயோடைடோடு மெதுவாகத்தான் வினைபுரியும். தாளுக்குப் பதில், வடிகட்டிய 50 மில்லி நீரை லேசான அமிலமாக்கி, ஒரு சிட்டிகை பொட்டாசியம் அயோடைடும் சில சொட்டு ஸ்டார்ச்சும் போட்டு, மூடி இருட்டில் 15 நிமிடம் வையுங்கள். பக்கத்தில் வெறும் தண்ணீரில் அதேபோல் ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும். முதலில் தெளிவாக இருந்து, மெல்ல ஊதா ஏறி, கடைசியில் கருநீலமானால் நிறையவே மிச்சம்.

இதை அழிப்பதற்கு முன் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கூழை நீர்த்து ஸ்கிரீன் செய்து, திக்னரில் மறுபடி 10 முதல் 12 சதவீதத்துக்குக் கெட்டியாக்கினால் பிழிந்து வரும் தண்ணீரில் வெப்பமும் காஸ்டிக்கும் மிச்சப் பெர்சல்ஃபேட்டும் சேர்ந்தே இருக்கும். அதைப் பல்ப்பருக்குத் திருப்பினால் அடுத்த பேட்ச்சின் மருந்து அந்த அளவுக்குக் குறையும். கூழோடு ஒட்டிப் போகும் கொஞ்சத்தை மட்டும் சோடியம் சல்ஃபைட்டால் தீர்க்கலாம். மிச்சமுள்ள ஒவ்வொரு கிலோ பெர்சல்ஃபேட்டுக்கும் 0.53 கிலோ, கூழ் சூடாக இருக்கும்போதே. சல்ஃபைட் மிகையானால் அதுவும் புது ரெசினைக் கெடுக்கும், ஆகவே கண்ணளவில் கொட்டாதீர்கள்.

## அறிகுறி 7: தண்ணீர் வடிய மறுக்கிறது, தாள் வலுவிழந்திருக்கிறது

அதிகம் வெந்துவிட்டது, அல்லது என்சைம் அளவு மீறியது. செல்லுலேஸ் என்சைம் ரெசினைத் தொடுவதில்லை, ரெசின் ஒட்டியிருக்கும் நாரின் மேற்பரப்பைத்தான் அரிக்கிறது. அளவோடு போட்டால் பல்ப்பர் நேரம் குறையும். அளவு மீறினால் நார் துகளாகி, வலையை அடைத்து, கிழி வலு இறங்கும். பி.எச். 5 முதல் 7, சுமார் 50 டிகிரி அதற்குத் தோதானது. காஸ்டிக் பேட்ச்சில் என்சைம் ஊற்றினால் பணம்தான் கரையும். பயன்படுத்துவதாக இருந்தால் ஊறல் தொட்டியில் நடுநிலை நீரில் முதலில் என்சைம், ஒரு மணி நேரம் கழித்துப் பல்ப்பரில் காஸ்டிக். காரமும் வெப்பமும் என்சைமைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதால் தனியாக நிறுத்த வேண்டியதில்லை.

என்சைம் போடாமலே இப்படி நடந்தால் பெர்சல்ஃபேட்டை 5 கிலோ குறைத்து, வெப்பத்தை அப்படியே வைத்து, ஃப்ரீனஸ் எண்ணை (கூழிலிருந்து தண்ணீர் வடியும் வேகம்) பழையதோடு ஒப்பிடுங்கள்.

## அறிகுறி 8: மஞ்சளடித்த கூழ்

மரத்தை அரைத்துச் செய்த கூழ் கலந்த தாளில் காரம் பட்டால் மஞ்சளாவது இயல்பு. பி.எச். 10-க்கு இறக்கி நேரத்தைக் கூட்டுங்கள். வெண்மை கட்டாயம் என்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு 0.5 முதல் 1 சதவீதம், சோடியம் சிலிக்கேட்டோடு. பழுப்புக் கூழுக்கு இதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

## அறிகுறி 9: பேக் வாட்டர் தொட்டியில் அழுகிய முட்டை நாற்றம்

குளோரினைத் தவிர்த்ததற்கு நாம் கொடுக்கும் விலை சல்ஃபேட். 15 கிலோ சோடியம் பெர்சல்ஃபேட் முழுக்கச் சிதைந்தால் 12 கிலோ சல்ஃபேட் தண்ணீரில் சேர்கிறது. தண்ணீரைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தும் ஆலையில் அது ஏறிக்கொண்டே போகும். காற்று படாத மூலைகளிலும், காற்றில்லாச் சுத்திகரிப்புத் தொட்டியிலும் பாக்டீரியாக்கள் அதை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். நாற்றத்தோடு கான்கிரீட் அரிப்பும் வரும். அந்தக் குழிக்குள் ஆள் இறங்குவது உயிரோடு விளையாடுவது. அடர்த்தி ஏறினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. வாயு அளக்கும் கருவி, காற்று ஊதி, மேலே கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் யாரையும் உள்ளே இறக்கக்கூடாது.

தீர்வு: தொட்டியின் அடியில் படியும் சேற்றை வாரந்தோறும் எடுங்கள், கலக்கி நிற்காமல் ஓடட்டும், காற்று ஊதுங்கள். ஞாயிற்றுக்கிழமை நிறுத்தத்தின்போது தொட்டியைக் காலி செய்யுங்கள், நிரப்பி விட்டுப் போகாதீர்கள். சல்ஃபேட் அளவை மாதம் ஒருமுறையாவது சோதனைக்கூடத்தில் பாருங்கள். மேலே சொன்ன தேதி அட்டை, ஊறல் தொட்டி, செதிலுக்கு மட்டும் மருந்து இவற்றைச் சரியாகச் செய்தால் பெர்சல்ஃபேட் டன்னுக்கு 15 கிலோவிலிருந்து 5 கிலோவுக்கு இறங்க இடமுண்டு. அப்போது சல்ஃபேட் 4 கிலோதான்.

## அறிகுறி 10: நுரை பொங்குகிறது

நனைப்பான் அதிகம். 1 கிலோ போட்ட இடத்தில் அரை கிலோ போடுங்கள், நேரத்தை 5 நிமிடம் கூட்டுங்கள். நுரையடக்கியைத் தேடும் முன் பேக் வாட்டர் விழும் குழாயின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இறக்கிப் பாருங்கள். உயரத்திலிருந்து விழும்போது இழுத்துவரும் காற்றே பல நேரங்களில் பாதி நுரைக்குக் காரணம்.

## அறிகுறி 11: ஸ்கிரீன் அடைக்கிறது, ரிஜெக்ட் நூல் நூலாக வருகிறது

அந்த நூலை எடுத்து இழுங்கள். அறுந்தால் அது கரையாத தாள், அறிகுறி 3-க்குத் திரும்புங்கள். நீண்டால் பிளாஸ்டிக். பாலித்தீன் பூசிய கப், பால் அட்டைப் பெட்டி ஏதோ பேலில் கலந்திருக்கிறது. இதற்கு மருந்தைக் கூட்டினால் பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது, நார்தான் பாழாகும். இங்கே தேவை நேர்மாறானது: 15 சதவீத அடர்த்தியில், கத்தி படாமல், மெதுவாகப் பிரித்து, படலம் பெரிய துண்டாக இருக்கும்போதே 6 முதல் 10 மில்லிமீட்டர் துளைத் தட்டில் பிடித்துவிட வேண்டும். அதைச் சின்னத் துண்டாக நொறுக்கவிட்டால் பிறகு எந்தப் பிளவுச் சல்லடையாலும் முழுசாகப் பிடிக்க முடியாது, உலர்த்தும் உருளையில் உருகி ஒட்டித் தாளில் ஓட்டை விழும். பேல் பிரிக்கும் மேசையில் இரண்டு பேர் நின்று, பளபளக்கும் அட்டையை மடக்கிக் கிழித்துப் பார்த்து, கிழிந்த இடத்தில் ஜவ்வு தொங்குவதை எல்லாம் தனிக் கூடையில் போடட்டும்.